வலதா, இடதா

அன்புள்ள பேத்திக்கு,

அப்பத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணன் லியோ மின்வாரியப் பரீட்சையில் தேறிவிட்டான். சின்னவள் ரீத்தா பத்தாவதில் கணக்குக்கு நூறு வாங்கினாள். நீ ஜப்பானில் நீளம் தாண்டி வெண்கலம் வாங்கியதை ஆவூரில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. கொரியாவில் வாங்கிய வெள்ளியையும் சேர்த்துத்தான்.

போன மாதம் கத்தாரில் நீ தாண்டியதை டிவியில் பார்த்தேன். ஓடி வந்தாய், மணலில் விழுந்தாய். நீ எழுந்திருக்குமுன் உன் அப்பன் டிவியை அணைத்துவிட்டு, "கரண்டு போயிருச்சு ஆத்தா" என்றான். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பெங்களூரு கேம்பிலிருந்து நீ அனுப்பிய மூன்று படமும் இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. சிரிப்பு நன்றாக இருக்கிறது.

நேற்று புதுக்கோட்டைக்குப் போய், ஆவூர் மாதாவுக்குக் காணிக்கை வைக்க வெள்ளியில் செய்த கால் ஒன்று கேட்டேன்.

"வலது காலா, எடது காலா பாட்டிம்மா?" என்றார் கடைக்காரர்.

எனக்குத் தெரியவில்லை. "பெறகு வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். உன் அப்பனைக் கேட்டால் மறுபடியும் கரண்டு போகும்.

இனித் தாண்டுவாயா மாட்டாயா என்பதை டாக்டரும் நீயும் பேசிக்கொள்ளுங்கள். எனக்குத் தலையிலிருந்து பாதம் வரை தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தே எடு. கட்டு இருந்தால் சேலையைப் போட்டு மூடாதே.

இப்படிக்கு,
உன் அப்பத்தா