ஒன்றாம் நம்பர் வயர்

ஜூன் 2

அன்புள்ள அண்ணா,

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த குத்தகைப் பத்திரமும் வந்து சேர்ந்தன. அப்பாவின் நிலத்தைப் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டு, டிராக்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, நான் உன் வீட்டு மாடி அறையில் வந்து உட்கார வேண்டும் என்கிறாய். மாட்டேன். முதல் மழைக்குள் உழுதுவிட்டால் நிலம் என்னிடமே இருக்கட்டும். முடியாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன்.

கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டுகிறது. பிளக் வயர்களெல்லாம் வெடித்துப் பொடிகின்றன. நீதான் மெக்கானிக். கோபத்தோடாவது சொல்லிக்கொடு.

அடங்காத தங்கை

ஜூன் 9

தங்கச்சிக்கு,

சரி, மழை வரைக்கும்தான். கார்புரேட்டருக்குள் பித்தளை மிதவை ஒன்று இருக்கும். காதருகே வைத்து ஆட்டு. சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள். உள்ளே பெட்ரோல் வாடை முழுக்கப் போன பிறகுதான் ஈயம் வைத்து அடைக்க வேண்டும், அவசரப்படாதே.

வயர்களை மாற்று. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் முன்முனையில் ஒன்று, அங்கிருந்து வலச்சுற்றாக இரண்டு, நான்கு, மூன்று. வண்டியோடு வந்த புத்தகத்திலும் அப்படித்தான்.

ஒன்று சொல்கிறேன். பதினைந்து வருடமாக நான் கைவைக்காமல் அந்த வண்டி கிளம்பியதில்லை.

அண்ணன்

ஜூன் 15

அண்ணா,

மிதவையை அடைத்துவிட்டேன். இப்போது ஒரு சொட்டு இல்லை. வயர்களை நீ சொன்னபடியே மாட்டி, முன்னாலிருக்கும் கிராங்க் கைப்பிடியைச் சுற்றினால், கார்புரேட்டர் வழியாக டமாரென்று நெருப்பு. புருவம் பாதி போயிற்று. மிதவைக்கு ஈயம் கொடுத்த வெல்டிங்காரர் எட்ட நின்று, "இது வண்டியாம்மா, வேட்டா?" என்று கேட்டார். எங்கே தப்பு? வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, சீக்கிரம் எழுது.

தங்கை

ஜூன் 19

தங்கச்சிக்கு,

வயரில் தப்பே இல்லை. வண்டி செத்துவிட்டது. புருவத்தோடு போயிற்றே என்று சந்தோஷப்படு. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, உன் அண்ணி ஜன்னலுக்குத் திரைகூட வாங்கிவிட்டாள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அண்ணன்

ஜூன் 26

அண்ணா,

நேற்று மழை. முந்தாநாளே உழுது முடித்துவிட்டேன்.

உன் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினேன். அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் கிராங்கை மெல்லச் சுற்றினேன். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளும் நேரத்தில்தான் ஒன்றாம் வயருக்குத் தீப்பொறி போக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே சுழன்று ஒவ்வொரு வயருக்கும் பொறி கொடுக்கும் ரோட்டர் ஒன்றாம் வயருக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்றைக்கோ டிஸ்ட்ரிபியூட்டரை அரைச்சுற்று மாற்றி இறக்கிவிட்டு, அதற்குத் தோதாக வயர்களையும் இடம் மாற்றிச் சமாளித்திருக்கிறாய். புத்தகத்தைப் பார்த்து மாட்டிய எவருக்கும் அது எப்படிக் கிளம்பும்?

நீ மறந்தே போயிருக்கலாம். ஆனால், நாங்கள் வயரை மாட்டி வண்டி கிளம்பாதபோதெல்லாம், "உங்களுக்கெல்லாம் கை வராது" என்று நீ சொன்னதை அப்பா கடைசிவரை நம்பினார். அதற்காகத்தான் உன்மேல் கோபம். அது இப்போதைக்குத் தீராது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிச் சரியாக இறக்கிவிட்டேன். இனி யார் வேண்டுமானாலும் கிளப்பலாம், அண்ணிகூட.

திரையை அந்த ஜன்னலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். பத்திரத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். வயர் வரிசையை வரைந்து பார்க்க அன்றைக்குக் கையில் வேறு காகிதம் இல்லை. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இப்போது ஒன்றாம் நம்பர் வயர் இருக்கிறது.

தங்கை