முட்டத்துப் பாறையின் பன்னிரண்டு படங்கள்

அக்கா,

இன்று காலை அப்பாவின் வத்தல் கடைக்குப் புது வருஷக் காலண்டர் கட்டு வந்து இறங்கியது. சிவகாசியில் அச்சடித்தது. வருஷாவருஷம் சாமி படமோ குழந்தை படமோ போட்டுத்தான் வரும். இந்தத் தடவை கடல். கரும்பாறை, அதில் மோதி உடையும் அலை, பின்னால் இறங்கும் சூரியன். "நல்லாருக்குல்ல பாப்பா?" என்று அப்பா ஒன்றைப் பிரித்துக் காட்டினார். மை வாசனை இன்னும் போகவில்லை.

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. சூரியன் பாறைக்குப் பின்னால் இருக்கிறது, பாறையின் முன்பக்கமும் பளிச்சென்று இருக்கிறது. எந்தக் கடலிலும் அப்படி ஒரு பொழுது கிடையாது. யாரோ நிழலில் உட்கார்ந்துகொண்டு வர்ணம் தடவியிருக்கிறார்கள். அருப்புக்கோட்டையில் பாதி வீடுகள் அதைச் சுவரில் மாட்டிக்கொள்ளப் போகின்றன. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. என்னைத் தவிரத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

நான் இப்போது பிளஸ் டூ. கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் எனக்குத்தான் முதல் பரிசு. உண்மையே உயர்வு என்ற தலைப்பில் போன மாதம் பேசிக் கோப்பை வாங்கினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றபோது எனக்கு வாய் கசந்தது. உங்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் நேரம் இருந்தும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. எங்கள் கடைக்கு எதிரே உங்கள் அப்பாவின் ஸ்டூடியோ. ஊரில் எல்லாரும் அவர் எடுத்த படம் என்றுதான் சொல்லுவார்கள். உள்ளே இருட்டறையில் கழுவுவது, பிரிண்ட் போடுவது, நெகட்டிவில் பென்சிலால் தழும்பை மறைப்பது எல்லாம் நீங்கள். கல்யாண வீடுகளுக்கு மட்டும் உங்களை அனுப்ப மாட்டார். "பொம்பளப் பிள்ள கேமராவத் தூக்கிட்டு பந்திக்குள்ள நின்னா நல்லாவா இருக்கும்?" என்பார். கோவில்பட்டியில் உங்களுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டூடியோ வேலை கூடாது என்று அந்த வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து காலண்டர்காரர் ஒருவர் வந்தார். ஒரே பாறை, ஒரே இடம், காலை, மதியம், சாயங்காலம் என்று வெளிச்சம் மாற மாற எடுத்த கடல் படம் வேண்டும் என்றார். முதலில் கறுப்பு வெள்ளையில் காட்டுங்கள், பிடித்திருந்தால் கலர் ரோல் தந்து எல்லா மாதத்துக்கும் எடுக்கச் சொல்கிறேன் என்றார். அவர் போனதும் நீங்கள் உங்கள் அப்பா முன்னால் போய் நின்றீர்கள். நான் அப்போது அங்கே பழைய வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு ரோல் தாங்கப்பா. நான் எடுக்கேன்."

அவர் வெகுநேரம் லென்ஸைத் துடைத்தார். பிறகு, "ரோல்ல உள்ள பன்னெண்டு படமும் தேறி அந்தாளு எடுத்துக்கிட்டாருன்னா கோவில்பட்டிக்கு ஆளனுப்பி, ஒரு வருசம் போகட்டும்னு சொல்லிர்றேன். தேறலைன்னா பேசாம கழுத்த நீட்டிரணும்" என்றார்.

"சரிப்பா."

கடலோரத்து முட்டத்தில் உங்கள் பெரியம்மா டீச்சராக இருந்தார்கள். அங்கே போவது என்று முடிவாயிற்று. உங்கள் அம்மாவும் வந்தார்கள். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். கேமராவின் மரக்கால் ஸ்டாண்டைச் சேலையில் சுற்றி, மூன்று பஸ் மாறிப் போனோம். ஒவ்வொரு கண்டக்டரும் "என்னம்மா, ஏர்க்கலப்பையா?" என்று கேட்டார்.

எனக்குக் கொடுத்த வேலை நோட்டு எழுதுவது. மணி, வானம், கேமராவை எந்த எண்ணில் வைத்து எடுத்தீர்கள் என்பது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, செம்மண் மேடு சரிந்து முடியும் இடத்தில் யானைகள் முழங்கால் மடித்துக் கிடப்பதுபோல் பாறைகள். அதில் தனியாகத் தள்ளி நின்ற ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். காலையில் மேட்டின் நிழல் அதன்மேல் கிடந்தது. நிழல் இறங்க இறங்க, பாறையில் இருந்த ஒவ்வொரு வெடிப்பும் யாரோ கோடு கிழித்ததுபோல் வெளியே வந்தது. நீங்கள் குனிந்து கேமராவின் மேல் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தீர்கள். எடுக்கவில்லை. நான் பொறுமை இழந்தேன்.

"எடுங்கக்கா."

"இரு. நம்ம ஊரு வெயிலுக்கு விடிஞ்சதுலருந்து அடையுற வரைக்கும் ஒரே மூஞ்சி. இது பாரு, நிமிசத்துக்கு ஒண்ணு காட்டுது. எது நெசம்னு பாத்துட்டு எடுப்போம்."

முதல் நாள் முழுக்க ஐந்து படம்தான் எடுத்தீர்கள். மதியம் பாறை சப்பையாகத் தெரிந்தது, அதையும் ஒன்று எடுத்தீர்கள். "அழகா இல்லாததும் அதோட மொகந்தான" என்றீர்கள். மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏ பிள்ளே, மனுசர விட்டுட்டுக் கல்ல எடுக்கியே, கல்லுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். நீங்கள் தலை நிமிராமல், "கல்லு கண்ணச் சிமிட்டாதும்மா. எங்க ஊர்ல பூராப் பேரும் சிமிட்டிருவாக" என்றீர்கள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கூடையே ஆடியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கடைசி மூன்று. சூரியன் பாறைக்குப் பின்னால் போனதும் பாறை முழுக் கறுப்பாகி, விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளி இழை ஓடியது. அலை உடைந்தபோது திவலைகள் அந்த வெளிச்சத்தில் அரிசி வீசினதுபோல் நின்றன. பன்னிரண்டாவதை எடுத்துவிட்டு நீங்கள் பாறையிலேயே உட்கார்ந்து ரோலைச் சுற்றிக் கழற்றினீர்கள். பிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்தின் நாக்கை எச்சில் தொட்டு ஒட்டினீர்கள். என்னிடம் நீட்டி, "பத்திரமா வையி பாப்பா. வெக்கை படாமப் பாத்துக்க" என்றீர்கள்.

அக்கா, நான் பத்திரமாகத்தான் வைத்தேன். அதுதான் கொடுமை.

உங்கள் ஸ்டூடியோவில் ரோல்களை எப்படி வைப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். மே மாத வெக்கையில் ரோல் கெட்டுப்போகாமல் இருக்க, தகர டப்பாவுக்குள் போட்டு, தண்ணீர்ப் பானை உட்காரும் ஈரமணலுக்குள் புதைத்து வைப்பீர்கள். பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அது புழுக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. காற்றிலேயே தண்ணீர் இருக்கும் ஊர் ஒன்று உண்டு என்பதும் தெரியவில்லை. நான் பிறந்த ஊரில் வியர்த்தால் வெக்கை, வெக்கைக்கு மருந்து ஈரமணல். விளக்கு வைத்த நேரத்தில், யாரிடமும் கேட்காமல், ரோலைக் கைக்குட்டையில் சுற்றி அவர்கள் வீட்டுப் பானையடி மணலில் ஆழமாகப் புதைத்தேன். டப்பா கிடைக்கவில்லை. கைக்குட்டை போதும் என்று நினைத்தேன். காலையில் நீங்கள் கேட்கும்போது பெருமையாகச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

காலையில் எடுத்தபோது கைக்குட்டை பிழியும்படி இருந்தது. ரோலின் காகிதம் ஊதியிருந்தது. ஜன்னல் வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினேன். மேல்புறம் உலர்ந்ததும் பைக்குள் போட்டுவிட்டேன். உலர்ந்துவிட்டதே, இனி ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊருக்கு வந்த அன்றே நீங்கள் கழுவினீர்கள். நான் இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்றேன். ரோல் பிரியும் சத்தம் எனக்குப் பழக்கம். சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும். அன்று பழைய போஸ்டரைச் சுவரிலிருந்து உரிப்பதுபோல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ரொம்ப நேரம் கழித்துக் கதவைத் திறந்தீர்கள். கையில் தொங்கிய பிலிமில் காகிதம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் பூஞ்சை பிடித்தது மாதிரி. ஒரு படத்தில் மட்டும் பாறையின் விளிம்பு பாதி தெரிந்தது. காகிதத்தின் பின்னால் அச்சடித்திருந்த எட்டு என்ற எண் அதன் வானத்தில் பதிந்திருந்தது.

நீங்கள் கோபப்படவில்லை. அதற்காகவும் உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

"பாப்பா, ரோல எங்க வச்சிருந்த?"

"பைக்குள்ளதான்க்கா."

"தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"இல்லக்கா."

என் முகத்தை ஒரு நொடி பார்த்தீர்கள். "அப்ப நாந்தான். பாறையில உக்காந்து கழட்டுனேன்ல, அல தெறிச்சிருக்கும். வீட்டுக்கு வந்து கழட்டியிருக்கணும். அவசரம்" என்றீர்கள். அதையே உங்கள் அப்பாவிடமும் போய்ச் சொன்னீர்கள். "கடலுக்குப் பக்கத்துல வச்சு ரோல் மாத்தலாமா? இதுகூடத் தெரியாம எதுக்குக் கேமரா?" என்று அவர் கேட்டது எங்கள் கடைவரை கேட்டது. ஒரு வெளிச்சத்தை மூன்று தடவை பார்க்காமல் நம்பாதவர் நீங்கள். என்னை மட்டும் ஏன் ஒரே பார்வையில் நம்பினீர்கள்?

ஆவணியில் கல்யாணம். நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு சந்தனம் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு வந்தீர்கள். மெலிந்திருந்தீர்கள். ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் அம்மா சுட்ட முறுக்கைத் தின்றுகொண்டே பேசினோம்.

"அவுக தம்பி கல்யாணத்துக்கு ஒரு கேமரா இரவல் வாங்கியாந்தாக. 'ஒனக்குத்தான் தெரியும்ல, நீயே எடு'ன்னு என் கையில குடுத்தாக. நான் வாங்கலை."

"ஏன்க்கா?"

"பயம். அடுத்தவுக கல்யாணத்தையும் பாழாக்கிட்டா? எனக்கு நெதானம் பத்தாது பாப்பா. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சே."

அதுதான் நேரம். ஈரமணல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் கையில் இருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டே, காலாண்டுத் தேர்வில் நான்தான் முதல் ரேங்க் என்றேன். "கெட்டிக்காரிடி நீ" என்று என் கன்னத்தைத் தட்டினீர்கள்.

இந்த வருஷம் பங்குனியில் மஞ்சள் காமாலை என்று தகவல் வந்தது. கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்கள் அம்மா சொன்னார்கள். பரீட்சை முடிந்ததும் கோவில்பட்டிக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. நானும் கேட்கவில்லை. கணக்கில் நூறு வாங்கினேன்.

உங்களுக்கான முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு ஸ்டூடியோவுக்குப் போனேன். உங்கள் அப்பா தனியாக இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், அழுதேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடு தாயி. படம் பன்னெண்டும் தேறியிருந்தாலும் நான் கல்யாணத்த நிறுத்தியிருக்க மாட்டேன். கல்யாண ஓலை எழுதிக் கோயில்ல மூணு வாரம் பூசையில வாசிக்க அப்பவே சொல்லியாச்சு. புள்ள ஆசைப்பட்டுச்சு, போயிட்டு வரட்டுமேன்னுதான் ரோலக் குடுத்தேன்."

எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்து அவர் அதைச் சொன்னார். வந்தது. வெட்கமில்லாமல் ஒரு வாரம் அந்த நிம்மதியில் படித்தேன், தூங்கினேன். பெரியவர் ஒருவர் உங்களை ஏமாற்றியிருக்கிறார், அதற்கு முன்னால் என் பொய் எம்மாத்திரம் என்று நினைத்தேன். அவரை வெறுப்பது சுலபமாக இருந்தது.

பிறகு அந்தக் கிறிஸ்துமஸ் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணத்தை நடத்தியது உங்கள் அப்பா. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு கேமரா உங்கள் கைக்குத் தானாக வந்தது. யாரும் தடுக்கவில்லை, உங்கள் வீட்டுக்காரரே நீட்டினார். அதை வாங்கவிடாமல் செய்தது உங்கள் அப்பா அல்ல. இதை நான் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அவர் மன்னித்ததும் கணக்கில் வராது, மன்னிக்க வேண்டியவர் அவர் இல்லை.

நீங்கள் நிதானம் இல்லாதவர் என்று நம்பியே போய்ச் சேர்ந்தீர்கள். முதல் நாள் முழுக்கப் பட்டினியாகப் பாறையில் நின்று ஐந்தே படம் எடுத்தவர். இனி இந்த உலகத்தில் அதற்கு நான் ஒருத்திதான் சாட்சி, சாட்சி சொல்ல வேண்டிய நாளில் நான் முதல் ரேங்க் பற்றிப் பேசினேன். நான் எங்கே போனாலும் என்ன படித்தாலும் இது என்னோடு வரும்.

அலை தெறிக்கவில்லை அக்கா. நீங்கள் அவசரப்படவும் இல்லை. ரோலைச் சரியாகத்தான் கழற்றினீர்கள்.