சட்டி மூடியோட லைப்ரரிக்கு

செவ்வாய் இரவு

காலமை கம்பஸ் வட்ஸ்அப்பில அறிவித்தல் வந்தது. லைப்ரரி றோட்டில ஆரோ ஒருத்தன் மோட்டார் சைக்கிளில வந்து பெட்டையளின்ர பையை இழுக்கிறானாம். அதால பெண் பிள்ளையள் ஆறு மணிக்கு முதல் ஹொஸ்டலுக்குள்ள வந்திட வேணுமாம். நேற்று அவன் இழுத்து விழுத்தினது என்ர அறையில இருக்கிற கஜனியைத்தான். முழங்கை முழுக்க உரஞ்சிப்போச்சு.

வார்டன் மிஸ்ஸிட்டப் போய்க் கேட்டன். "களவெடுக்கிறது அவன். பூட்டி வைக்கிறது எங்களையோ மிஸ்?"

"உங்கட நன்மைக்குத்தான் பிள்ளை" எண்டா.

அடுத்த கிழமை சோதினை, லைப்ரரிக்குப் போகாமல் ஏலாது. ஊரில, ஜெயபுரத்தில, எங்கட வயலுக்குக் காட்டுப்பன்றி வந்தா நாங்கள் பயிரைப் பிடுங்கி வீட்டுக்குள்ள வைக்கிறேல்ல. விடிய விடியத் தகரம் தட்டுறனாங்கள்.

பொழுதுபட, ஹொஸ்டல் குசினியில இருந்த சட்டி மூடியளையும் கரண்டியளையும் தூக்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர் வெளிக்கிட்டம். கஜனியும் வந்தாள். லைற் எரியாத அந்த றோட்டு முழுக்கத் தட்டிக்கொண்டே நடந்தம். வாசல் காவலாளி என்னவோ ஏதோவெண்டு டோர்ச்சோட ஓடி வந்தார். பிறகு அவரும் லைப்ரரி வரைக்கும் கூட வந்தார். இவ்வளவு நாளும் அந்த றோட்டில அவரை ஒருத்தரும் கண்டதில்லை.

திரும்பி வர, வார்டன் படியில நிண்டா. மூடியளைப் பார்த்தா.

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயம்தான் மிஸ். அதாலதான் இவ்வளவு சத்தம்."

என்ர மூடியைக் குசினியில திருப்பிக் குடுக்கேல்ல. கட்டிலுக்குக் கீழ கிடக்கு. நாளைக்கும் வேணும்.