துரைக்கு இரண்டு விரற்கடை தண்ணீர்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நேற்று சைக்கிளில் மேலகரம் தாண்டும்போதே முகத்தில் பட்டது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் பங்களாவின் ஜன்னல்களைத் துடைத்து, மெத்தைகளை உதறிப் போட்டு, சீசனுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காக வாசலில் நின்றிருப்பீர்கள். இப்போது அங்கே புதுக் காவல்காரர் நிற்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

உங்கள் துரை உயிரோடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் சித்திரையில் ஒரு நாள் அது சாகப் பிழைக்கக் கிடந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

நான் எழுதும் பத்திரிகையில் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. துரை என்பது ஓர் ஆமை. கரட்டு நிலத்தில் திரியும் தரை ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள் உண்டு. சீசனுக்கு வந்த ஒரு துரைசானி அதைக் கூடையில் கொண்டுவந்து, சீமைக்குக் கப்பலேறும்போது என் அத்தானிடம் விட்டுவிட்டுப் போனார். அதனால் அந்தப் பெயர்.

துரைசானி அதற்குத் தண்ணீர் வைத்தது பீங்கான் சூப்புத் தட்டில். ஒரு நாள் அது வழுக்கி, தட்டுக்குள்ளேயே மல்லாந்து விழுந்து, மூக்கு நீருக்குள் இருக்கக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். மறுநாளே மேலகரம் வேளாரிடம் போய் ஒரு மண் தட்டு செய்து வாங்கிவந்தீர்கள். அகலமானது, ஆழமில்லாதது. அடியில் கால் பிடிக்கச் சொரசொரப்பு. ஒரு பக்கம் படித்துறை போலச் சரிவு. உள்ளே ஆணியால் ஒரு கோடு கீறினீர்கள், இரண்டு விரற்கடை உயரத்தில். ஓட்டின் கீழ்விளிம்பை நனைக்கும், தலையைத் தூக்காமலே மூச்சுவிடலாம், அவ்வளவுதான். அருவி கொட்டும் ஊரில் இருந்துகொண்டு ஒரு பிராணிக்கு இரண்டு விரற்கடை தண்ணீர் அளந்து வைக்கிறாரே என்று நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லையே, அத்தான்.

கார்த்திகையில் நீங்கள் கண்மூடியபின் பங்களாவின் காவல்காரர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. தை மாதம் அக்காவைத் தென்காசியில் என் ஒண்டிக்கட்டை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பானை, மடியில் துரை. வண்டி குலுங்கியதில் மண் தட்டு உடைந்துபோயிற்று. வேறு வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். சொன்னதோடு சரி.

அக்கா பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தாள். கால் வழுக்கியதால் துரை அதன் பக்கம் போகவே இல்லை. பங்குனி வெயிலில் அதன் கண் உள்வாங்கிப் போனது. அக்காவும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். "அது போனா அவியளும் முழுசாப் போன மாதிரிதாம்லே" என்று ஒரு தரம் சொன்னாள். அன்றைக்கும் நான் வேளாரிடம் போகவில்லை. கடையத்தில் ஒரு குளத்தின் கரை உடைப்பைப் பற்றி எழுத வேண்டியிருந்தது.

சித்திரையில், வெயில் கொளுத்திய ஒரு நாள், அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். நானும் ஊரில் இல்லை. துரை கிணற்றடியில் ஈரத்தைத் தேடி நின்றிருக்கிறது. அடுத்த வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சி சுவருக்கு மேலாகப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. வந்து, இரண்டு கையாலும் தூக்கி, கிணற்றில் விட்டுவிட்டார்.

நான் திரும்பிவந்து சைக்கிளை நிறுத்தும்போது, கோயிலிலிருந்து வந்துவிட்ட அக்காவின் சத்தம் தெருவரை கேட்டது.

"அதுக்கு நீந்தத் தெரியாதே! யாரு உங்களைக் கேட்டா?"

"ஆமைக்குத் தண்ணிதானம்மா வீடு? உன் தம்பிதான் பேப்பர்ல எழுதுனாரு! நான் கத்தரிச்சு வச்சிருக்கேன், காட்டட்டுமா?"

எழுதியிருந்தேன், அத்தான். கோடைக் கிணறுகளைப் பற்றி, இரண்டு வருஷத்துக்கு முன்னால். ‘கிணற்றில் ஓர் ஆமை விட்டால் பூச்சி புழுவைத் தின்று நீரைச் சுத்தமாக வைத்திருக்கும்’ என்று ஒரு வரி. நம் பக்கத்து வழக்கம்தானே? எந்த ஆமை என்று எழுதவில்லை. கிணற்றில் விடுவது குளத்து ஆமை, விரலிடுக்கில் சவ்வு உள்ளது. துரைக்கு இருப்பது யானைக்கால் போன்ற கட்டைக் கால். உங்கள் பங்களாவில் அதை அடிக்கடி பார்த்தும் எனக்கு அந்த வித்தியாசம் எழுதத் தோன்றவில்லை.

கிணற்றில் இரண்டு ஆள் ஆழத்தில் தண்ணீர் கிடந்தது. சுவரை ஒட்டி மூக்கு மட்டும் தெரிந்தது. கால்கள் அடித்துக்கொண்டிருந்தன, மெதுவாக. ஓலைக் கடகப்பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அது தண்ணீர்மேல் மிதந்து, துரையை இன்னும் தள்ளிவிட்டது. மறுபடியும் அப்படியே.

அக்கா கயிற்றைப் பிடுங்கினாள். "நீ எழுதத்தாம்லே லாயக்கு, தள்ளு அங்கன!" பெட்டியை மேலே இழுத்து, ஒரு ஓரத்தில் அம்மிக் குழவியை வைத்துக் கட்டினாள். இப்போது அது சாய்ந்து மூழ்கியது. துரைக்கு அடியில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள்.

கண் மூடியிருந்தது, தலை தொங்கியது. அக்கா தலைப்பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடித்தாள். மூக்கிலிருந்து தண்ணீர் வந்தது. கழுத்தை நீட்டி, முன்கால்களை மெல்ல இழுத்து இழுத்து விட்டாள். இன்னும் கொஞ்சம் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வாழ்நாளில் கடிகாரம் பார்க்க மறந்தது அன்றுதான். அண்ணாச்சி கிணற்றடியில் உட்கார்ந்து, "பாவி, கொன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். "கொல்லலை, காலு அசையுது. போய்ச் சாக்கு எடுத்துட்டு வாங்க" என்றாள் அக்கா.

மூன்று நாள் துரை வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் காலையில் அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, உங்கள் பழைய வேட்டித் துண்டில் கட்டிய ஒரு மூட்டையை என் முன் வைத்தாள். உடைந்த தட்டின் சில்லுகள். ஒன்றைக்கூட அவள் எறியவில்லை. பெரிய சில்லில் உங்கள் கோடு அப்படியே இருந்தது.

"அவிய கீறுனது. இதே மாதிரி செஞ்சு வாங்கிட்டு வாலே. இன்னைக்கே."

வேளார் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கும் கேட்டேன், அவரு சொல்லலை. தோசைக்கல்லுன்னா வழவழப்பா இருக்கணும். இது என்னத்துக்குவே சொரசொரன்னு?"

"ஒரு துரை குளிக்கதுக்கு" என்றேன். இந்த நிருபருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும், பாதி காய்ந்த ஒரு தட்டில் அப்போதே சரிவும் சொரசொரப்பும் வைத்து, கோட்டைக் கீறி, இரண்டு நாளில் சூளையில் சுட்டுத் தந்தார்.

தட்டைக் கொல்லையில், விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்தேன். வெயிலில் வைத்த செம்புத் தண்ணீரைக் கோடுவரை ஊற்றினேன். துரை வந்து மோந்தது, சுற்றிப் போனது. பிறகு சரிவில் ஒரு காலை வைத்தது. வழுக்கவில்லை. இன்னொரு கால். மூக்கை நீரில் பதித்து, தொண்டை ஏறி இறங்க, நெடுநேரம் குடித்தது.

"துரை குளிக்க எறங்கிட்டாரு. ஏலே, துண்டு எங்க?" என்றாள் அக்கா. கார்த்திகைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான், அத்தான்.

அன்றே பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். பழைய வரிதானே, யாருக்கு நினைவிருக்கும் என்று ஆசிரியர் எழுதிக் கேட்டார். அடுத்த வீட்டுக்காரருக்கு நினைவிருக்கிறது என்று பதில் போட்டேன். ‘கிணற்றில் விடத்தக்கது நீர் ஆமை மட்டுமே, தரை ஆமை மூழ்கிச் சாகும்’ என்று வந்தது. அண்ணாச்சி அதையும் கத்தரித்து, பழையதன்மேல் ஒட்டிவிட்டார்.

இப்போது வாரம் இரண்டு தரம் குளியல், கால் மணி நேரம். சாரல் நாளில் தண்ணீரைச் சற்று வெதுவெதுப்பாக்கி, முடிந்ததும் ஈரம் துடைத்துவிடுகிறோம். அழுக்காக்கினால் உடனே மாற்றுகிறோம். குளிக்கும்போது யாராவது கூடவே இருக்கிறோம். நீங்கள் செய்ததும் இதுதானா? ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

வெள்ளிக்கிழமை அக்கா குற்றாலத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். அருவியில் நின்றுவிட்டு, அந்தப் பங்களா வாசலையும் ஒரு தரம் பார்க்க வேண்டுமாம். நீங்கள் போனபின் அந்த ஊர்ப் பெயரையே எடுக்காதவள். துரையைத் தான் பார்த்துக்கொள்வதாக அண்ணாச்சி சொல்கிறார். "பாருங்க, கிணத்துப் பக்கம் மட்டும் போயிராதீய" என்று அக்கா அனுமதி கொடுத்துவிட்டாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தத் தட்டும் ஒரு நாள் உடையும். உடைந்த அன்றே நான் வேளார் வாசலில் நிற்பேன். கோடு கீறிய உங்கள் சில்லு என் எழுது மேஜையில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதையும் எழுதி முடித்ததும் அதை ஒரு தரம் பார்க்கிறேன்.

உங்கள் பேச்சியம்மாளின் தம்பி,
கேட்க வேண்டியதைத் தாமதமாகக் கேட்கும்
உங்கள் மைத்துனன்