கிட்டாருக்கு வைத்த பொட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

தென்றல் எழுதுகிறேன். நீயும் அப்பாவும் நலமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். போனில் எனக்குப் பேச வராது என்று உனக்கே தெரியும், அதனால் இந்தக் கடிதம்.

நம் பழைய பலாக்கதவை அறுத்து நான் செய்த எலக்ட்ரிக் கிட்டார் கட்டைக்கு, இங்கே ஓசூர் பீரோ பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை பச்சைப் பெயிண்ட் அடித்தேன். செந்துறையில் பஸ் ஏறும் முன் நீ எண்ணெயில் குழைத்துக் குங்குமம் வைத்தாயே, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் பிடிக்காமல் விலகிப் போனது. என்னோடு வேலை செய்யும் ஜெயங்கொண்டத்து மலர்கொடி அக்கா சிரித்தார்.

"பெயிண்ட் அடிச்சப்புறம் வைக்கிறதுதாண்டி பொட்டு. உங்கம்மாவுக்கு என்ன அவசரம்? நல்லா தேய்ச்சு எடுத்துடு."

கவலைப்படாதே, கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்தேன். எண்ணெய் போனது, சிவப்பு போகவில்லை. மேலும் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை.

"இது இருக்கட்டுங்க்கா" என்றேன். இங்கே வந்து நான் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல்முறை. அக்கா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினார். மறுபடி பச்சை அடித்து, காய்ந்ததும் ஸ்டிக்கரை உரித்தோம். உன் குங்குமம் அப்படியே இருந்தது. அதன்மேல் வார்னிஷ் அடித்துவிட்டேன்.

மெருகேற்ற மெல்லிய துணி வேண்டும். ஊருக்கு வரும் மலர்கொடி அக்காவிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே உன் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், நான் இங்கே துவைத்துக்கொள்கிறேன். அக்காவுக்கு பஸ் வந்துவிட்டது.

உன்
தென்றல்