புளித்தண்ணீருக்குள் கிடந்த குழாய்கள்

2025 மார்ச் 8, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. இடது குழாயில் ஓட்டை ஏழு, வலது குழாயில் நான்கு. மொத்தம் பதினொன்று. பத்தைப் புளி போட்டது. ஒன்றை நான் போட்டேன்.

கோலியர்ஸ் வுட்டில் உன் வீட்டுக் கொட்டிலுக்குள் இருக்கிறேன். ஈரம் போகட்டும் என்று இடது குழாயைச் சூடாக்கினேன். உள்ளேயிருந்து அடிப்பிடித்த ரசத்தின் வாசம் வந்தது. அறுபத்தாறு வயதான மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயிலிருந்து வரக்கூடாத வாசம். நெருப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன். நான் சும்மா நிற்பவன் இல்லை. பஸ் வர மூன்று நிமிடம் என்று பலகையில் கண்டால் நடக்கத் தொடங்குகிறவன். நிற்க முடியாமல்தான் இந்தக் கடதாசியை எடுத்தேன்.

உனக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. மாற்றவே கூடாது என்று நீ பிடிவாதமாக நின்ற இரண்டு குழாய்களையும் நான் கெடுத்துவிட்டேன். ஒன்றும் செய்யாமல் இருந்தே கெடுத்தேன். அதை ஒழுங்காகச் சொல்கிறேன், கேள்.

அந்த வண்டியை வாங்க வால்தம்ஸ்டோ போன நாள் உனக்கு நினைவிருக்கும். விற்றவர் ஜோன் என்ற எண்பத்தைந்து வயது வெள்ளைக்கார அம்மா. கணவர் இறந்து மூன்று வருடம். வண்டி பின்வளவில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. நீ வந்த வேலையை மறந்து அவரோடு தேநீரும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்துவிட்டாய். நான் நேரே பின்னால் போய்க் குழாயில் அளவுக்கருவியை வைத்தேன். தொடருந்துப் பெட்டிகளின் உலோகத்தைப் பரிசோதிப்பது என் தொழில். தகட்டின் தடிப்பு தெரியாமல் எனக்குப் பேச்சு வராது. ஒன்று தசம் ஆறு மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடத்தில் தசம் எட்டுத்தான் இருந்தது. திரும்பி வந்து, குழாய் இரண்டும் குப்பை, கழற்றி எறியவேண்டியதுதான் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மேசைக்குக் கீழே நீ உதைத்தாய். சப்பாத்துக் காலால்.

ஜோன் கோபிக்கவில்லை. எங்கள் இருவரையும் பின்வளவுக்குக் கூட்டிப்போய், வலது குழாயில் இருந்த உள்ளங்கை அகல நெளிவைக் காட்டினார். இருபத்திரண்டு வயதில், லைசென்ஸும் இல்லாமல், கணவரிடம் கேட்காமலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நடைபாதைக் கல்லில் மோதினாராம். கணவர் அந்த நெளிவைக் கடைசிவரை நிமிர்த்தவில்லை. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் போய் அதைத் தட்டிக் காட்டிச் சிரிப்பாராம். வேறு எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், இந்தக் குழாய்களை மாற்றாதீர்கள், வண்டி ஓடத் தொடங்கியதும் ஒரு தரம் இந்தத் தெருவால் வாருங்கள் என்றார். நீ உடனே தலையாட்டினாய். இரண்டு நிமிடமாவது யோசித்திருக்கலாம்.

திரும்பி வரும்போது, மோட்டார் சைக்கிளை ஏற்றிவந்த வானுக்குள் சண்டை பிடித்தோம்.

"டேய், புதுக் குழாய் பெட்டியில வருது. துருவே பிடிக்காது. அரை மணித்தியால வேலை."

"அந்த அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன்."

"அவ வந்து குனிஞ்சு பாக்கப்போறாவோ?"

"நான் பாப்பன்தானே."

நான் மறுநாளே புதுக் குழாய்களுக்கு ஓடர் கொடுத்தேன். அது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

துருவை எடுக்க என்னிடம் கடையில் வாங்கிய அமிலம் ஒரு போத்தல் இருந்தது. நீ விடவில்லை. "உது குரோமையும் சேத்துத் திண்டிடும்" என்றாய். மருந்துக்கடைக்காரன் அல்லவா, எதையும் நீர்க்கப்பண்ணித்தான் உனக்குப் பழக்கம். பொங்கலுக்கு உன் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்ததைப் பார்த்திருக்கிறாய். நேரே சமையலறைக்குப் போய் உடைக்காத புளிப் பாக்கெட் ஒன்றைத் தூக்கிவந்தாய். சிமெந்து குழைக்கும் அகன்ற பிளாஸ்டிக் தட்டம், இளஞ்சூட்டுத் தண்ணீர், அதில் கரைத்த புளி, அதற்குள் குழாய் இரண்டும். அமிலத்தாளை நனைத்து நிறம் வேறு பார்த்தாய்.

"ரசம் வைக்கிறாய் சரி, கொத்தமல்லி எங்க?" என்றேன்.

"நாளைக்குப் பின்னேரம் வந்து பாத்திட்டுச் சிரி. ஒரு நாள்தான் கணக்கு. கூட விட்டால் இரும்பிலயும் கை வைச்சிடும்."

அது பொங்கல் கழிந்த சனிக்கிழமை. மறுநாள் காலை, கடை திறக்கப் போன இடத்தில் விழுந்தாய். முப்பத்துநான்கு வயது. இருதயம் என்றார்கள்.

உன் வீட்டில் சனம் நிறைந்தது. எனக்கு முன்னறையில் யன்னலோரக் கதிரை கிடைத்தது. அந்த அறை வளவைப் பார்த்தது. கொட்டில் நேரே தெரிந்தது. அதன் பூட்டின் திறப்பு சமையலறை ஆணியில் தொங்கியது. ஐந்து நிமிட வேலை. திறந்து, தூக்கி, கழுவி, துடைத்துவிட்டால் சரி. ஆனால் ஆரிடம் கேட்பது? உன் அம்மா நிலத்தில் கிடந்து அழுகிறார். உன் மனைவி தாரணி ஒருவரோடும் கதைக்கவில்லை. செத்த வீட்டில் போய், குழாய் புளித்தண்ணிக்குள் ஊறுது, தூக்கவேணும் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு தரம் எழும்பினேன். இரண்டு தரமும் ஆரோ ஒரு மாமா தோளில் கைவைத்து, "இரும் தம்பி, தேத்தண்ணி குடியும்" என்று இருத்திவிட்டார்.

கிரியை முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிந்ததும் முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்று நினைத்தேன். அதுவரை அந்த வீட்டில் ஆணி ஒன்றைக்கூட அசைக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் உன் அம்மாவே திறப்பை எடுத்துத் தந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். வாழ்நாளில் ஒரே ஒரு தரம் பொறுமையாக இருந்தேன். அதுவும் பிழையான இடத்தில்.

முப்பத்தோராம் நாள் உனக்குப் படைக்க, ஐம்பது பேருக்குச் சமையல். உன் அம்மா அலுமாரி எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடினார்.

"புதுப் புளி ஒண்டு இஞ்சதானே வைச்சனான்! ஆர் எடுத்தது? தாரணி, வீட்டில என்ன இருக்கு, என்ன இல்லையெண்டு நீர் பாக்கிறேல்லையோ?"

"நான் வாங்கியாறன் அம்மா" என்று சொல்லிவிட்டு நான் டூட்டிங் பக்கம் ஓடினேன். அந்தப் புளி எங்கே கிடக்கிறது என்று அறிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். வழியில் சிரிப்பு வந்தது. உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கடை வாசல்வரை போய்த்தான், சொல்ல ஏலாது என்பது உறைத்தது.

அந்தக் கிழமைச் சனிக்கிழமை திறப்பை வாங்கிக் கொட்டிலைத் திறந்தேன். முப்பத்தைந்து நாள். தட்டத்தின் மேலே விரல் தடிப்புக்குக் கறுத்த பூஞ்சணம். இடது குழாயைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடிப்பக்கத்து ஓட்டைகளால் வானம் தெரிந்தது. இவ்வளவு காலமும் அந்த இடங்களை அடைத்துக்கொண்டிருந்தது வெறும் துருதான். புளி அதைத் தின்று முடித்துவிட்டு, நீ சொன்னபடியே, மிச்ச இரும்பிலும் கை வைத்திருந்தது.

புதுக் குழாய்ப் பெட்டி காருக்குள் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், எடுத்துவந்து பிரித்தேன். ஒன்றை எஞ்சினில் வைத்தும் பார்த்தேன். அளவு கச்சிதம். பழையதைச் சாக்கில் கட்டிக் கவுன்சில் குப்பைக்குக் கொடுத்தால் கதை முடிந்தது. ஜோனுக்கு வாக்குக் கொடுத்தது நான் என்றால் அந்த நிமிடமே மீறியிருப்பேன். கொடுத்தவன் நீ. அதைத் திருப்பி எடுக்க நீ இல்லை. எனக்குச் சிக்கலே அதுதான்.

அந்த நேரம் பார்த்துத் தாரணி தேத்தண்ணீரோடு வந்தார்.

"உது என்ன, புதுசோ?"

"ஓம்."

"பழசுதான் போடவேணும் எண்டெல்லோ அவர் சொன்னவர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். வால்தம்ஸ்டோ, யன்னல், மாமாக்கள், முப்பத்தைந்து நாள், புளி. ஒரே மூச்சில். அவர் கோப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"அப்ப எங்கட புளியை எடுத்தது அவரோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே கடைக்கு ஓடினனீங்கள்?"

"ஓம்."

"மாமி அண்டைக்கு என்னை என்ன பேச்சுப் பேசினவ தெரியுமோ அண்ணா? நீங்கள் ஒரு வாய் திறந்திருந்தால்..." வசனம் முடியவில்லை, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணீர் சிந்தியது. சிரிப்பு அழுகையானது. நான் குழாயோடு நின்றேன். அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒட்ட ஏலுமோ, ஏலாதோ?"

"ஏலும். ஆனா வடிவா இராது."

"வடிவு ஆர் கேட்டது?"

அன்றே போய் மின்சார வெல்டிங் இயந்திரத்தைக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் என்று விட்டிருக்கலாம். புளி தின்று மிஞ்சிய தசம் ஐந்து மில்லிமீற்றர் தகட்டில் அவ்வளவு சூட்டை வைத்தால் என்ன நடக்கும் என்று அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். வைத்தேன். பொறி பட்ட இடம் உருகி விழுந்தது. பத்துப் பென்ஸ் காசு அளவில் புது ஓட்டை. அதுதான் பதினொன்றாவது.

பொறு, தாரணி வருகிறார். பேனையை வைக்கிறேன்.

*

பின்னேரம் நான்கு மணி.

தாரணி பல் கட்டும் இடத்தில் வேலை என்று தெரியும். அங்கே என்ன செய்கிறார் என்று எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. பல்லுக்குப் போடும் கம்பிகளை வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டுகிறாராம். போன கிழமை நான் போன் எடுத்துப் புலம்பியபோதுதான், "அதுக்கு ஏன் வெல்டிங்?" என்று கேட்டார். இன்று தன் சின்ன ஊதுவிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

முதலில் தூசி உறிஞ்சும் ஹூவரின் ஊதும் பக்கத்தைக் குழாயின் ஒரு வாயில் செருகி, மறு வாயை அடைத்து, மேலே சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். குமிழி வந்த இடமெல்லாம் சோக்குக் கட்டியால் வட்டம். அவர் எண்ணியும் பதினொன்றுதான். நான் பழைய இரும்புக் குழாய் ஒன்றிலிருந்து நகத்தளவு துண்டுகள் வெட்டி வளைத்தேன். அவர் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டி, துண்டை வைத்து, வெள்ளைப் பசையைப் பூசினார். சுடரை ஓட்டையில் காட்டவில்லை. தள்ளி நின்று சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

"கிட்டக் கொண்டுபோங்கோ" என்றேன்.

"பொறுங்கோ அண்ணா."

"இப்ப பற்றாசுக் கம்பியை வையுங்கோ."

"பசை இன்னும் பால் மாதிரிக் கிடக்கு. கண்ணாடியாத் தெளியவேணும்."

"தெளிஞ்சிட்டுது!"

"அண்ணா, நீங்கள் உள்ள போய்த் தேத்தண்ணி போடுங்கோ."

போனேன். திரும்பி வந்தபோது பற்றாசு தானாகவே துண்டின் விளிம்பெல்லாம் ஓடி, மெல்லிய வெள்ளிக் கரையாக நின்றது. நான் பார்த்த ஆயிரக்கணக்கான ஒட்டுகளில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஒட்டு. ஹூவரைப் போட்டோம். குமிழி இல்லை. தாரணி தன் பாட்டில், "ம்" என்றார். அவ்வளவுதான். முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

எஞ்சின் சூட்டில் பற்றாசு உருகாதோ என்று நீ கேட்பாய். எஞ்சின் வாயருகே என்றால் உருகும். ஓட்டைகள் எல்லாம் கீழ் வளைவு தாண்டி, அடிப்பக்கம். அங்கே சூடு அந்த அளவுக்கு ஏறாது. இரண்டு தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்று மூன்று அடைந்தன. மிச்சம் எட்டு. நான் போட்டதைக் கடைசிக்கு வைக்கச் சொன்னார். "உதுக்குத் தனியா ஒரு நாள் வேணும்."

"உனக்குப் பிழை பிடிக்கத்தான் தெரியும், வைச்சிருக்கத் தெரியாது" என்று நீ சொல்வாய். இப்போதும் முழுதாக ஒத்துக்கொள்ளமாட்டேன். பிழையைக் காணாமல் ஒன்றையும் வைத்திருக்க ஏலாது. ஆனால் வேலையில், படிவத்தில் தடிப்பு தசம் ஐந்து என்று எழுதினால் அடுத்த கட்டத்தில் 'நிராகரி' என்று என் கை தானாக எழுதும். இன்று இந்தக் குழாய்களுக்கும் அப்படி ஒரு தாள் எழுதினேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உன்னிடமிருந்து என்னோடு மிஞ்சியிருப்பது அந்த வெற்றிடம்தான் என்று நினைக்கிறேன். அதில் என்ன எழுதலாம் என்று இன்னும் பார்க்கிறேன்.

இனிச் செய்யப்போவது:

1. மிச்ச ஓட்டைகள். ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு, கூடினால் மூன்று. ஒரே நாளில் முடிப்போம் என்று கேட்கமாட்டேன்.

2. அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் உள்ளே கழுவுவேன். புளி ஒரு துளி மிஞ்சினாலும் திரும்பத் தின்னத் தொடங்கும். பிறகு காயவைத்து எண்ணெய்.

3. குரோம் திரும்பப் பூசக் கொடுக்கமாட்டேன். அங்கே மினுக்கும் சக்கரத்துக்கு இந்தத் தகடு தாங்காது. உள்ள மினுக்கத்துக்கு மெழுகு போதும்.

4. புதுக் குழாய்ப் பெட்டியைத் திருப்பி அனுப்புவேன். திங்கட்கிழமை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.

5. ஜோனுக்கு நானே போன் எடுப்பேன். நீ இல்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்வேன். குழாயில் ஒட்டு இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதையும் சொல்வேன்.

6. தாரணி சுடரைப் பிடிக்கும்போது வாய் திறக்கமாட்டேன். ஏலாவிட்டால் உள்ளே போய்த் தேத்தண்ணீர் போடுவேன்.