பிழை நின்ற பிறகு

செவ்வாய், இரவு

கந்தோரின் எல்லா மேசைகளுக்கும் இணையம் கொடுக்கும் லினக்ஸ் ப்ராக்ஸி சேர்வரில் காலையிலிருந்து பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நெட்வேர்க் கார்டை மாற்றியும் நிற்கவில்லை. கடைசியில், முன்பு என்னோடு வேலை செய்த யூட்டைத் தொலைபேசியில் அழைத்தேன். இதையெல்லாம் பொருத்திவிட்டுப் பிரான்சுக்குப் போனவன் அவன்தான்.

"கேபிள் முனையைக் கழட்டிப் பாரும். மன்னார் உப்புக்காத்துக்கெண்டு போட் எஞ்சினுக்குப் பூசுற கிறீஸைப் பூசினனான்."

கேபிளில் யாராவது கிறீஸ் பூசுவார்களா? மீன்பிடிக்காரன் மகன் பூசியிருக்கிறான். அதில் மணல் அப்பிக் கிடந்தது. அவனை லைனில் வைத்துக்கொண்டே முனையை வெட்டிப் புதியது போட்டேன்.

"பிழை நிண்டிட்டுதோ?"

"ஓம்," என்றேன்.

"அப்ப சரி, வைக்கிறன்."

சவர்க்காரம் போட்டும் விரலில் கிறீஸ் மணம் போகவில்லை. பிழை இன்னும் நிற்கவில்லையென்று சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் கதைத்திருப்பான்.